அறுபது வரிப் பக்கம்

ஆயுதக் கிடங்கின் ஜன்னல், ஓர் ஆளின் தலையும் தோளும் நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். உள்பக்கம் ஒரு மரப்பலகை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. சோதனைத் திடலிலிருந்து எந்தத் துப்பாக்கி திரும்பி வந்தாலும் முதலில் அந்தத் துணிமேல்தான் படுக்க வேண்டும். படுத்த இடத்தில் கறை விழுந்தால் கிடங்குக்காரர் கையொப்பம் போட மாட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்தத் துணி வெள்ளையாகவே இருந்ததால் அவருக்குப் பளபளா என்று பெயர் வந்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்று வளாகத்தில் கேலி பேசுவார்கள். மனைவியும்கூடக் கோபம் வந்தால்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்.

மனைவிக்கும் அதே வளாகத்தில்தான் வேலை. கிடங்கிலிருந்து இருநூறு அடி தள்ளி, சோதனைத் திடலில் பதிவாளர். புதிய துப்பாக்கி ஒன்று படைக்குப் போகும் முன் அங்கே வந்து அறுநூறு தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவுத்தாளில் ஒரு வரி. எண், நேரம், கடைசியில் 'சரி' அல்லது, துப்பாக்கி அடைத்துக்கொண்டால், 'தடை'. துப்பாக்கி பேசுவதைத் தமிழில் எழுதுகிற வேலை என்று பதிவாளரம்மா தன் வேலையைப் பற்றிச் சொல்வார்.

இப்படி இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தாலும் வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது. இது பல வருடத்துக்கு முன் போட்ட ஒப்பந்தம். காரணம் ஒரு சண்டை. பதிவுத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் துப்பாக்கியைக் கிடங்குக்கு அனுப்பி, கிடங்குக்காரரின் ஆய்வுக் கையொப்பம் வாங்கிய பிறகுதான் அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும் என்பது விதி. கையொப்பம் வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"ஒரு கையெழுத்துப் போட இருபது நிமிஷமா? கல்யாணப் பதிவுல கூட நீங்க இவ்வளவு நேரம் எடுக்கலையே!" என்று அந்தக் காலத்தில் பதிவாளரம்மா வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளுவார்.

"அப்போ அவசரப்பட்டுட்டேன். அதுல இருந்துதான் நிதானம் வந்துச்சு" என்பார் பளபளா.

ஒரு தடவை அது முற்றி, சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் ஒப்பந்தம். அதன்பின் இருபது நிமிடத்தைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள். காலாட்படையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலில் துள்ளல்.

"அப்பா, எங்க கம்பெனிக்குப் புது ரைஃபிள் வருது! இன்னும் பத்தொன்பது நாள்ல. வாங்கின மறுநாளே முன்வரிசைக் காவலுக்குக் கிளம்புறோம்."

"எந்த ரைஃபிள்? நம்ம வளாகத்துல சோதிச்சதா?"

"அதேதான். பழசைவிட ஒன்றரைக் கிலோ குறைவாமே! என் தோள் உனக்குக் கோயில் கட்டும்பா."

"எனக்கு எதுக்கு? உங்கம்மாதான் அறுநூறு வரியும் எழுதினா. ஒரு தடை கூட இல்லை. தங்கம் கண்ணு, தங்கம்."

பதிவாளரம்மா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டு, அங்கே குளிருமா, காலுறை எத்தனை வேண்டும் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்த பதிவாளரம்மா, பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். பளபளா தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஆபீஸ் காகிதம் மாதிரி இருக்கே."

"ஆமா. ஒப்பந்தத்தை முறிக்கிறேன். படிங்க."

புதிய துப்பாக்கியில் முதல் நாற்பது ஏற்கெனவே ஒரு முன்வரிசைக் காவல் நிலைக்குப் போயிருந்தன. அங்கே போன வாரம் தாக்குதல் நடந்திருக்கிறது. சண்டைக்கு நடுவில் ஏழு துப்பாக்கிகள் அடைத்துக்கொண்டன. தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் சிக்கிக்கொள்ள, அதைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்த ஒரு சிப்பாயின் தோளில் குண்டு பாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இழுத்து வந்ததால் உயிர் தப்பினார். கீழே தலைமை அலுவலகத்தின் குறிப்பு: 'காரணம், பயன்படுத்தியவர்களின் கவனக்குறைவு. துப்பாக்கிகள் சுத்தம் செய்யப்படாமல் கரி படிந்திருந்தன. சம்பந்தப்பட்ட சிப்பாய்களின் பணிப்பதிவில் குறிக்கப்படும்.'

பளபளா தாளை மேஜைமேல் போட்டார். "அதானே பார்த்தேன். துடைக்கத் தெரியாதவங்க கையில கொடுத்தா எந்தத் துப்பாக்கிதான் வேலை செய்யும்?"

"இருநூத்திச் சொச்சம் தோட்டாதாங்க சுட்டிருக்காங்க. ஏழும் இருநூறுக்கும் இருநூத்தி ஐம்பதுக்கும் நடுவுல அடைச்சிருக்கு. என் தாள்ல அறுநூறும் சரின்னு இருக்கு. அதே துப்பாக்கி, அதே தோட்டா. எப்படி?"

"அழுக்கும்மா. அழுக்கு."

"எதிரி சுட்டுக்கிட்டு இருக்கான். நடுவுல கொஞ்சம் இருப்பா, துணி எடுத்துத் துடைச்சுக்கறேன்னு சொல்ல முடியுமா?"

"நான் மட்டும் துடைக்கலையா? ஒரு நாளைக்குப் பத்து தடவை கழட்டித் துடைச்சுத்தானே உன் திடலுக்கு அனுப்பினேன்?"

பதிவாளரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"என்ன சொன்னீங்க?"

"பத்து தடவை. பக்கத்துக்கு ஒரு தடவை."

"கையெழுத்துப் போடத்தானே அனுப்பினேன்?"

"கறுப்பா வந்த துப்பாக்கியைக் கிடங்குக்குள்ள எப்படி வாங்குவேன்? விதி இருக்கும்மா. அழுக்கு ஆயுதம் ஏற்கப்படாது. உள்ளே வந்தாத்தான் கையெழுத்து. அதனால ஜன்னல்லயே வெச்சுக் கழட்டி, பிஸ்டனைச் சுரண்டி, துளையைக் குத்தி, எண்ணெய் போட்டு... பன்னிரண்டு நிமிஷம்தான். வேற யாரா இருந்தாலும் அரை மணி ஆகும்."

கடைசி வாக்கியத்தைப் பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று, அந்தத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் பார்த்துவிட்டுப் போவது நல்லது. தோட்டாவில் இருக்கும் மருந்து எரிந்து புகையாகிறது. அந்தப் புகைதான் குண்டைக் குழாய்வழியே தள்ளிக்கொண்டு ஓடுகிறது. குழாயின் முன்பகுதியில், மேல்பக்கம், தீக்குச்சி நுழையும் அளவில் ஒரு துளை உண்டு. குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வரும் புகையில் கொஞ்சம் துளைவழியே தப்பி மேலே ஏறும். அங்கே ஒரு பிஸ்டன் காத்திருக்கும். புகை பிஸ்டனை உதைக்கும், பிஸ்டன் போல்ட்டை உதைக்கும், போல்ட் பின்னால் போகும்போது சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ள, போகிற போக்கில் அடுத்த தோட்டாவைக் கவ்விக்கொண்டு போய் உட்கார வைக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் இத்தனையும் நடக்கும். யாரோ விட்ட ஒரு மூச்சில் வீட்டு வேலை முழுக்க நடந்து முடிகிற மாதிரி.

ஆனால் புகை சும்மா போவதில்லை. போகும் இடமெல்லாம் கரியை விட்டுவிட்டுப் போகும். துளை சிறுக்கும், பிஸ்டன் ஓடும் இடம் இறுகும். உதை பலவீனமாகி, போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். எத்தனை தோட்டாவுக்குப் பிறகு அப்படி நிற்கும் என்று கண்டுபிடிக்கத்தான் அறுநூறும் சுடுகிறார்கள். பதிவாளரம்மாவின் துப்பாக்கி ஒரு நாளும் அறுபதைத் தாண்டியதே இல்லை. ஒவ்வொரு அறுபதுக்கும் பளபளா அதைப் பிறந்த குழந்தையாக்கி அனுப்பியிருந்தார்.

"நான் சுட்டது ஒரு அறுநூறு இல்லைங்க. பத்து அறுபது" என்றார் பதிவாளரம்மா மெதுவாக.

இருவரும் வெகுநேரம் உட்கார்ந்து பின்னோக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு முன்பு பதிவுத்தாள் சுருளாக இருந்தது. அறுநூறு வரியும் ஒரே சுருள், ஒரே பக்கம், முடிவில் ஒரே கையொப்பம். பிறகு அலுவலகத்துக்குப் புது இரும்பு அலமாரிகள் வந்தன. சுருள்கள் உள்ளே உருண்டன, கதவு மூடவில்லை. எழுதுபொருள் பிரிவு சுருளை அறுபது வரித் தாளாக வெட்டி அச்சடித்துக் கொடுத்தது. கதவு அழகாக மூடியது. விதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரு தடவை கையொப்பம் பத்துத் தடவையாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. பழைய தோட்டாவின் மருந்து சுத்தமாக எரியும் ரகம் என்பதால் துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புதிய துப்பாக்கியோடு வந்த புதிய மருந்து கரி கக்கும் ரகம்.

"எழுதுபொருள்காரன் தப்பு" என்றார் பளபளா.

"அவர் கதவை மூடினார். அவ்வளவுதான்."

"அப்போ யார் தப்பு?"

"தேதியைப் பாருங்க. பதினேழு நாள் இருக்கு. தப்பை அப்புறம் பங்கு போட்டுக்கலாம்."

பளபளா எழுந்து கை கழுவப் போனார். கை சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ரொம்ப நேரம் கழுவினார். தொலைபேசியில் 'தங்கம் கண்ணு' என்று சொன்ன தன் குரல் அவருக்கே கேட்டது.

சோதனை நிலையத்தின் இயக்குநருக்கு 'ஆனால்' என்று பெயர். எந்த வாக்கியத்தையும் அந்தச் சொல் இல்லாமல் அவரால் தொடங்க முடியாது. மறுநாள் காலை இருவரும் அவர் முன்னால் நின்றார்கள். முழுதும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனால், பத்து தடவை துடைச்சதா எந்தத் தாள்லயும் இல்லையே? ஆய்வு, சரி, கையொப்பம். அவ்வளவுதான் இருக்கு."

"துடைச்சேன்னு எழுத அதுல கட்டமே இல்லை சார்" என்றார் பளபளா.

"ஆனால், தலைமை அலுவலகம் ஆதாரம் கேக்கும்."

"நான்தான் சார் ஆதாரம். எழுதிக் கொடுக்கறேன்."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். கோபக்காரர் இல்லை, பயந்தவர்தான். "ஆனால், கொஞ்சம் யோசிங்க. சோதனை நடுவுல ஆயுதத்துல கை வெச்சவர்னு உங்க பேர் வரும். அது குற்றம். கிடங்குச் சாவி உங்ககிட்ட இருக்காது."

பளபளா இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம். இதில் தான் பேசக் கூடாது என்று பதிவாளரம்மாவுக்குத் தெரியும்.

"அங்கே ஒரு சிப்பாய் மேல அழுக்குன்னு எழுதியிருக்காங்க சார்" என்றார் பளபளா. "தோள்ல குண்டோட படுத்திருக்கறவரை. அவர் அழுக்கு இல்லை. நான்தான் ரொம்பச் சுத்தம். காகிதம் கொடுங்க."

வாக்குமூலம் அரைப் பக்கம்தான் வந்தது. அதை மட்டும் வைத்துத் துப்பாக்கி ஏற்றிப் போகும் லாரிகளை நிறுத்த முடியாது என்றார் இயக்குநர். மறுசோதனைக்குத் தலைமை அலுவலக அனுமதி வேண்டும், நாற்பத்தைந்து நாள் ஆகும். சந்தேகம் எழுந்தால் ஒரே ஒரு துப்பாக்கியைத் தானே சோதிக்கச் சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அதே படிவத்தில், அதே விதிப்படி.

"அதே விதின்னா மறுபடியும் பக்கத்துக்குப் பக்கம் கிடங்குக்கு வரணும்" என்றார் பளபளா. "அழுக்கா வாங்கினா நான் விதியை மீறினவன். துடைச்சு வாங்கினா சோதனை வீண்."

பதிவாளரம்மா இயக்குநரின் மேஜையில் இருந்த விதிப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பக்கம்னா எத்தனை வரின்னு இதுல எங்கயாவது இருக்கா சார்?"

இயக்குநர் தேடினார். முன்னட்டையிலிருந்து பின்னட்டைவரை தேடினார். வெளியே தேநீர் இடைவேளை மணி அடித்து ஓய்ந்தது.

"ஆனால்..." என்று தொடங்கி, முதல்முறையாக அதற்குமேல் ஒன்றும் சேர்க்க முடியாமல், "இல்லை" என்றார்.

மதியம் உணவுக்கூடத்து நீள மேஜையில் வெற்றுப் பதிவுத்தாள் பத்தை வரிசையாக வைத்துப் பசை தடவினார்கள். ஒன்றின் அடி மற்றதன் தலையில். பளபளா ஓரத்தில் பிதுங்கும் பசையை ஒவ்வோர் ஒட்டுக்கும் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அதையாவது விடுங்களேன். கொஞ்சம் பசை இருந்தா என்ன?"

"காய்ஞ்சா வெடிக்கும். பாக்க அசிங்கமா இருக்கும்."

"இந்தக் கையாலதான் இவ்வளவும்" என்று பதிவாளரம்மா அந்தக் கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டார். அந்த வழியாக வந்த சமையல்காரர், "இருபத்தேழு வருஷத்துக்கு அப்புறம் காதல் கடிதமா? நீளம் கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒட்டி முடித்தபோது தாள் இரண்டு ஆள் நீளம் இருந்தது. பாய்போல் சுருட்டித் தோளில் வைத்துத் திடலுக்குக் கொண்டுபோனார்கள்.

கிடங்குக்காரர்கள் சோதனை நேரத்தில் திடலுக்குள் நுழையக் கூடாது. பளபளா கம்பிவேலிக்கு வெளியே நின்றார். சுடுகிறவருக்குக் கல்தூண் என்று பெயர். ஆடாமல் அசையாமல் நிற்பார். அறுபது முடிந்தது. பழக்கத்தில் கல்தூண் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டார்.

"எங்கே போறீங்க? பக்கம் இன்னும் முடியலை" என்றார் பதிவாளரம்மா.

நூறு. நூற்றைம்பது. எல்லாம் சரி. வேலிக்கு இந்தப் பக்கம் பளபளாவுக்கு வியர்த்தது. தான் கையாண்ட ஆயுதம் ஒன்று கெட்டுப்போகட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கெட்டுப்போகாவிட்டால் மகளுடைய கம்பெனி கையில் அது போய்விடும். காவல் நிலையில் நடந்தது எதனால் என்றும் தெரியாமலே போகும். நூற்றெண்பதில் சத்தம் லேசாக மாறியதை முதலில் கேட்டவர் அவர்தான். உதைக்குப் பிறகு வரும் அந்தச் 'சடக்' கொஞ்சம் சோம்பலாக வந்தது.

இருநூற்று நான்காவது வரியில் பதிவாளரம்மா அந்தத் துப்பாக்கிக்கு முதல் 'தடை' எழுதினார். கல்தூண் கைப்பிடியை இழுத்துத் தொடர்ந்தார். இருநூற்றுப் பதினேழு, தடை. இருநூற்று இருபத்தாறு, தடை. இருநூற்று நாற்பத்தொன்றில் போல்ட் பாதியில் நின்றது. கல்தூண் இரண்டு கையாலும் இழுத்தார், காலை ஊன்றி இழுத்தார். அசையவில்லை.

"சண்டையா இருந்தா இப்போ நான் காலி" என்றார் கல்தூண். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் பேசுகிறவர். அன்றைய வாக்கியம் அது.

பதிவாளரம்மா மிச்சமிருந்த முந்நூற்று ஐம்பத்தொன்பது வரிகளுக்குக் குறுக்கே ஒரே கோடு இழுத்தார். பக்கம் முடிந்தது.

இப்போது விதிப்படி துப்பாக்கி ஜன்னலுக்கு வந்தாக வேண்டும். வந்தது. வெள்ளைத் துணிமேல் படுத்தது. எண்ணெயும் கரியும் துணியில் நான்கு பக்கமும் பரவின. பளபளாவின் விரல்கள் தாமாகவே தூரிகைப் பக்கம் போயின. பன்னிரண்டு நிமிட வேலை. ஆனால் துளைக்குள் இருக்கும் கரி அப்படியே தலைமை அலுவலகம் போய்ச் சேர வேண்டும். அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் இரண்டு கையையும் பலகைக்கு அடியில் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற மனைவி கேட்டார்.

"அரிக்குது."

"சொறியாதீங்க. கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை எடுத்து, 'ஆய்வு: கரி படிந்துள்ளது. சுத்தம் செய்யப்படாமல் ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பம் போட்டார். அதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. துப்பாக்கியைத் துணியோடு சேர்த்துச் சுற்றிப் பெட்டியில் வைத்து முத்திரையிட்டார்கள்.

இயக்குநர் அதைக் கையில் பிடித்துக்கொண்டே தலைமை அலுவலகம் போனார். நீளத் தாளை விரிக்க அங்கே மேஜை போதாமல், தரையில் விரித்து, அதிகாரிகள் ஓரத்தில் குனிந்து நடந்து படித்தார்களாம். லாரிகள் கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது நிறுத்த உத்தரவு வந்தது. முன்வரிசைக்குப் போன நாற்பதும் திரும்ப அழைக்கப்பட்டன. தோளில் குண்டு பாய்ந்த சிப்பாயின் பணிப்பதிவிலிருந்து அந்த வரியை அடிக்க மட்டும் இன்னும் நான்கு கடிதம் தேவைப்பட்டது. நான்கையும் பதிவாளரம்மா எழுதினார், பளபளா தபாலில் சேர்த்தார்.

கிடங்குச் சாவி கைமாறியது. புதிதாக வந்தவரிடம் எந்தப் பூட்டு மழைக்காலத்தில் முரண்டுபிடிக்கும், எந்தப் பூட்டுக்குத் தட்டிக்கொடுத்தால் போதும் என்று பளபளா ஒரு மணி நேரம் விளக்கினார். அவரை எழுதுபொருள் பிரிவுக்கு மாற்றினார்கள். தண்டனைதான். ஆனால் அங்கே சேர்ந்த முதல் வாரமே பதிவுத்தாளை மறுபடி சுருளாக்கி, அது நிற்க ஓர் உயரக் கூடையும் ஏற்பாடு செய்துவிட்டார்.

புது ரைஃபிள் வந்திருக்க வேண்டிய நாளில் மகள் கூப்பிட்டாள். இந்தத் தடவை துள்ளல் இல்லை.

"புது ரைஃபிள் வரலைப்பா! பழசையே தூக்கிக்கிட்டு நாளைக்கு மலை ஏறணுமாம். ஒன்றரைக் கிலோ அதிகம். யாரோ சோதனை நிலையத்துல ஒரு ஆள் கடைசி நேரத்துல கெடுத்துட்டானாம்."

பளபளா தொண்டையைச் செருமினார். "கண்ணு, அந்த ஆள் நான்தான்."

பிறகு அவர் சொன்னார், பத்துத் தடவை துடைத்ததை, தோளில் குண்டு பாய்ந்தவரை, இருநூற்று நாற்பத்தொன்றை. துளையையும் பிஸ்டனையும் விளக்கத் தொடங்கியபோது பதிவாளரம்மா விலாவில் இடித்து நிறுத்தினார்.

"அந்த ஏழு பேரு மாதிரி நாங்களும்..." என்று மகள் தொடங்கி, முடிக்காமல் விட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆனாலும் இங்க எல்லாரும் உன்னைத் திட்டித் தீக்கறாங்கப்பா. தோள் வலிக்குதுன்னு. நான் என்ன சொல்றது?"

"எத்தனை பேர் திட்டறாங்க?"

"எத்தனை பேரா? கம்பெனி மொத்தமும். நூத்தி இருபது பேரும்."

பளபளா தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து மனைவி பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"நூத்தி இருபது பேரும் திட்டறாங்களாம்" என்றார். பிறகு மகளிடம், "திட்டட்டும் கண்ணு. போயிட்டு வந்து, ஒரு ஆள் குறையாம, நேர்ல வந்து திட்டச் சொல்லு."